துடக்குக்காரன் வெட்டிய பொதி

எங்கள் பக்கத்தில் மனைவியை இழந்தவன் முப்பத்தோராம் நாட் கிரியை முடிந்து துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, கழியும்வரை சவரம் செய்துகொள்வதில்லை. சாதாரண தரப் பரீட்சையில் கணித பாடம் நடைபெற்ற நாளின் காலையில் நான் செய்துகொண்டேன். கண்ணாடிக்குக் கீழே இருந்த தட்டில் அவளுடைய காப்புகள் கிடந்தன. அவற்றை நகர்த்தாமலே சவர அலகைக் கழுவி வைத்தேன்.

செத்த வீட்டுக்கு வந்து எனக்குத் துணையாகத் தங்கிவிட்ட அக்கா, அடுக்களை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“முப்பத்தொண்டு கழியல்ல. அதுக்குள்ள முகத்த வழிச்சிட்டு எங்க தம்பி வெளிக்கிடுறாய்?”

“சோதினைக் கடமை, அக்கா.”

“ஒன்ன விட்டா ஆள் இல்லாமலா கவுமெண்டு சோதினை வைக்குது?”

“ஆள் இரிக்கி. கடிதம் எனக்குத்தான் வந்த.”

“ஊர் என்ன கதைக்கும் எண்டு யோசிச்சியா?”

“கதைக்கட்டும். கதைக்கிற ஆக்கள் ஆரும் அவவ ஆசுபத்திரியில வந்து பாக்கல்ல.”

அக்கா அடுக்களைக்குள் போனார். நான் சொன்னதிலும் கொஞ்சம் அநியாயம் இருந்தது. சிலர் வந்து பார்த்திருந்தார்கள்.

செங்கலடிக்கு அப்பால், வாவியை ஒட்டிய பாடசாலை ஒன்றுக்கு நான் பரீட்சை மேற்பார்வையாளராக நியமிக்கப்பட்டிருந்தேன். கடிதம் வந்தபோது அவள் உயிரோடு இருந்தாள். பரீட்சை தொடங்கியபோது வீட்டில் பந்தல் பிரிக்கப்படவில்லை. அந்த முதல் நாட்களில் உதவி மேற்பார்வையாளர் எனக்குப் பதிலாக நின்று, தம் பெயரிலேயே கையொப்பமிட்டு, எல்லாவற்றையும் ஒழுங்காக நடத்தியிருந்தார். எட்டாம் நாளில் எட்டுச் சடங்கு கழிந்ததும், கடமைக்குத் திரும்புவதாகப் பரீட்சைத் திணைக்களத்துக்குத் தொலைபேசியில் அறிவித்தேன். மறுமுனையில் பேசியவர் சற்றுத் தயங்கி, “கட்டாயமில்ல சேர், நீங்க ஆறுதலா இரிங்க” என்றார். வீட்டில் ஆறுதலாக இருப்பது எப்படி என்று அவரிடம் கேட்கவில்லை.

அவள் கணித ஆசிரியை. நாங்கள் வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்தில் ஒரே காலத்தில் படித்தவர்கள். தன் பணிக்காலத்தின் பெரும்பகுதியில் அவள் ஆண்டுதோறும், பரீட்சை எழுதும் பிள்ளைகளைக் கண்காணிக்கும் நோக்குநராகவும் கடமையாற்றினாள். பரீட்சை மண்டபம் பற்றி அவளுக்கு இருந்த கண்டிப்பு கொழும்பிலிருந்து வரும் கையேட்டிலும் இல்லை. இறப்பர்ச் செருப்பு மட்டுமே அணிவாள். வாசனைப் பவுடர் பூசமாட்டாள். எந்தப் பிள்ளையின் மேசைக்கருகிலும் நிற்கமாட்டாள். நோக்குநர் நின்றால் தன் விடை பிழை என்று பிள்ளை எண்ணிச் சரியானதை வெட்டிவிடும் என்பது அவளது வாதம். இதில் எனக்கு மாற்றுக் கருத்து இருந்தது. நிற்காமல் நடந்துகொண்டே இருப்பதும் பிள்ளையின் கவனத்தைக் கலைக்கும் என்பேன். இந்த விடயத்தில் நாங்கள் பல ஆண்டுகள் வாதிட்டோம். முடிவு காணவில்லை.

கடமைக்குப் போகும் நாட்களில் காப்புகளைக் கழற்றிக் கண்ணாடித் தட்டில் வைத்துவிட்டுப் போவாள். கட்டின புருசன் இருக்கும்போது ஒருத்தி வெறுங்கையோடு படியிறங்குவதை எங்கள் தெரு எளிதில் ஏற்கவில்லை. அயல்வீட்டுப் பெண் ஒரு தடவை வேலிக்கு மேலால் கேட்டுவிட்டாள்.

“என்னகா ரீச்சர், மனுசன் கல்லுப்போல இரிக்கக்குள்ள கைய மொட்டையா வெச்சுக்கிட்டுப் போறயள்?”

“புள்ள கணக்குச் செய்யக்குள்ள எண்ட கை பாட்டுப் பாடத் தேவல்லகா. மனுசனுக்கு ஒண்டும் வராது. அவருக்குக் கல்லுப்போல உடம்பு எண்டு நீங்களே சொல்றயளே.”

அந்தக் காப்புகளில் மெல்லிய ஒலி எழும் என்பது, இரவு நேரத்தில் தண்ணீர்ச் செம்பை அவள் வைக்கும்போதுதான் எனக்குத் தெரியும். மண்டபத்தில் அது எவ்வளவு பெரிதாகக் கேட்கும் என்பதை அவள் கணித்திருந்தாள்.

அன்று காலை இணைப்பு நிலையத்தில் வினாத்தாள் பொதிகளைப் பொறுப்பேற்று, பொலிஸ்காரர் ஒருவர் உடன்வர, வாடகை வானில் பாடசாலையை அடைந்தேன். வழியில் செங்கலடிச் சந்தியில் மின்கம்பத்தோடு கட்டப்பட்ட அஞ்சலிப் பதாகை ஒன்று காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. அவளுடைய படம். கீழே உறவினர் பெயர்கள். முதலாவது பெயர் என்னுடையது. சந்தைக்கும் பேருந்துக்கும் வரும் எல்லோரும் அதை வாசித்திருந்தார்கள் என்பது பாடசாலை வாசலில் எனக்கு விளங்கியது.

தாய்மார் கூட்டமாக நின்றார்கள். நான் இறங்கியதும் பேச்சு நின்றது. பாடசாலையின் அதிபர் விரைந்து வந்து என்னை மாமரத்தடிக்கு அழைத்துப் போனார். பரீட்சை நடக்கும் காலத்தில் மண்டபத்தின் மீது அவருக்கு அதிகாரம் இல்லை. ஆனால் வாசலில் நிற்போர் நாளையும் அவரிடம்தான் வருவார்கள். அதனால் அவரது சங்கடத்தை நான் குறைத்து எண்ணவில்லை.

“சேர், குறை நினைக்காதீங்க. தாய்மார் கொஞ்சம் குழம்பிப் போய் இரிக்காங்க. ஒங்கட வீட்டுத் துடக்கு இன்னும் கழியல்லத்தானே. இண்டைக்குக் கணக்குப் பாடம் வேற.”

“அதனால்?”

“நீங்க உள்ள கதிரையில இரிங்க. பொதிய உதவியாளர் வெட்டட்டும். நீங்க கையெழுத்த மட்டும் வெச்சா முடிஞ்சிது.”

“நான் வெட்டாத பொதியை நான் வெட்டினதா எழுதிக் கையொப்பம் வைக்கச் சொல்றீங்க.”

“ஒரு பேச்சுக்குத்தானே சேர்...”

“அந்தக் கையொப்பம் பேச்சுக்கு வைக்கிறது இல்ல. அது பொய் எண்டா, இந்த மண்டபத்தில எழுதுற அத்தனை பிள்ளைகளின்ர விடையிலும் சந்தேகம் வரும். நீங்க வேணுமெண்டா மேலிடத்துக்குத் தொலைபேசி எடுங்க. மேற்பார்வையாளற்ர மனுசி செத்ததால அவர மாத்துங்க எண்டு சொல்லுங்க. நானும் பக்கத்தில நிக்கிறன்.”

அவர் கையில் தொலைபேசி இருந்தது. எடுக்கவில்லை. கூட்டத்திலிருந்து பச்சைச் சேலை உடுத்த ஒரு தாய் உரத்துச் சொன்னாள்: “கவலை எங்களுக்கும் விளங்குது சேர். ஆனா எங்கட புள்ளையள்ற காலமும் இரிக்கித்தானே!”

அவளுக்கு மறுமொழி சொல்லியிருந்தால் குரல் உயர்ந்திருக்கும். பதில் எனக்குள் ஆயத்தமாகவே இருந்தது. ஆயுள் முழுவதும் பிறர் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்த ஒருத்தி இறந்தாள். அந்த இறப்பு என் கைகளில் அழுக்காக ஒட்டியிருக்கிறது என்பதையும், அந்தக் கை பட்டால் கணித வினாத்தாள் கெட்டுவிடும் என்பதையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டுமாம். எந்தச் சடங்கையும் நான் வெறுப்பவனல்லன். எட்டுக்கு வேண்டிய யாவற்றையும் செய்தேன். இதை மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டேன். பொதிகளை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனேன்.

நோக்குநர்களோடு சில நிமிடங்கள் பேசினேன். மேசைகளில் பரீட்சார்த்திகளின் சுட்டெண்கள் சரியாக ஒட்டப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்தோம். அண்மையில் திருமணமான இளம் நோக்குநர் ஒருவர் இரு கைகளிலும் கண்ணாடிக் காப்புகள் அடுக்கியிருந்தார். கழற்றிவைக்க முடியுமா என்று கேட்டேன்.

“மாமி பேசுவா சேர்.”

“மண்டபத்துக்குள்ள மாமிக்கு அனுமதி இல்ல.”

அவர் சிரித்தார், கழற்றவில்லை. கையேட்டில் அப்படி ஒரு விதி இல்லாததால் நானும் வற்புறுத்தவில்லை.

பரீட்சார்த்திகள் வந்து அமர்ந்தார்கள். முன்வரிசைகளில் வெள்ளைச் சீருடைகள். பின்வரிசைகளில் தனிப்பட்ட பரீட்சார்த்திகள், அவர்களுள் மீசை நரைக்கத் தொடங்கிய ஒருவரும் இருந்தார். அடையாள அட்டைகள் சரிபார்க்கப்பட்டன. அறிவுறுத்தல்களை வாசித்தேன். பிறகு வினாத்தாள் பொதியை எல்லோரும் காணும்படி உயர்த்திப் பிடித்தேன். முத்திரை குலையாமல் இருக்கிறதா என்று பரீட்சார்த்திகள் இருவர் வந்து பார்த்துச் சாட்சிக் கையொப்பம் இடவேண்டும். அதன்பின் அவர்கள் முன்னிலையில் அதை வெட்டவேண்டும். எந்தப் பெரியவரின் சொல்லையும் நம்பாமல் பிள்ளையின் கண்ணை நம்பும் ஏற்பாடு இது. என் பணியில் நான் மிகவும் மதித்த விதியும் இதுவே.

“இரண்டு பேர் முன்னுக்கு வாருங்கள்” என்றேன்.

ஒருவரும் எழும்பவில்லை.

வழமையில் இதற்குப் போட்டியே இருக்கும். முன்வாங்கில் இருந்த பையனைப் பார்த்தேன். அவன் அளவுகோலைப் பார்த்தான். “அம்மா தொட வேணாமெண்டவ, சேர்” என்றான், மிகவும் தாழ்ந்த குரலில். அடுத்தவளும் தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நடந்த பேச்சின் முழுப் பொருளும் அப்போதுதான் எனக்குப் புலப்பட்டது. என்னிடம் தோற்றவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிவிட்டிருந்தார்கள்.

உதவி மேற்பார்வையாளர் அருகில் வந்து, “நான் கொண்டு போய்க் காட்டட்டா சேர்? நேரம் போகுது” என்றார். அவர் கண்களில் இரக்கம் இருந்தது.

சாளரத்துக்கு வெளியே வாவி வெயிலில் வெளிறிக் கிடந்தது. நான் எண்ணியது இதுதான்: என் பிடிவாதம் என்னுடையது, இந்த நிமிடங்கள் பிள்ளைகளுடையவை. தொடக்க மணி அடிக்கும்வரை பொறுப்பேன். அதற்குள் எவரும் வராவிட்டால் பொதியை உதவியாளரிடம் ஒப்படைத்து விலகுவேன். மேற்பார்வையாளரின் மனைவி இறந்த காரணத்தால் சாட்சிகள் முன்வரவில்லை என்று, ஒரு சொல்லையும் மெருகேற்றாமல் அறிக்கையில் எழுதுவேன். பொதியைக் கீழே வைக்கவில்லை. கை வலித்தது.

நடுவரிசையில் ஒரு மாணவி எழுந்தாள். மெலிந்த பிள்ளை. நெற்றியில் திருநீறும் இல்லை, பொட்டும் இல்லை.

“நான் வாறன் சேர்.”

“இரிடி!” என்று பின்னாலிருந்து யாரோ அதட்டினார்கள்.

“ஏன் இரிக்க? எங்கட வீட்டிலயும் துடக்குத்தானே” என்று அவள் திரும்பிப் பார்க்காமலே சொன்னாள். பிறகு என்னிடம், “எண்ட அப்பா செத்து இன்னம் எட்டும் கழியல்ல சேர். என்ன எழுத வேணாமெண்டு ஆரும் சொல்லல்ல” என்றாள்.

அப்போது நரைமீசைக்காரர் எழுந்து தொண்டையைச் செருமினார்.

“சேர், ரெண்டாவது ஆளா நான் வரலாமா? ஓட்டோ ஓடுறன். கணக்குப் பாடத்துக்கு வந்து வந்து போறதால இந்த மண்டபத்துக் காகத்துக்கும் என்னத் தெரியும். இதுக்கு மேல எனக்குத் துடக்குப் புடிச்சு என்ன குறையப் போகுது?”

சிரிப்பு முதலில் பின்வரிசையில் வெடித்து முன்னுக்கு வந்தது. அளவுகோலைப் பார்த்திருந்த பையனும் சிரித்தான். “அமைதி” என்றேன். மேற்பார்வையாளர் என்ற வகையில் அதைச் சொல்லவேண்டியிருந்தது.

இருவரும் வந்தார்கள். அந்தப் பிள்ளை பொதியை வாங்கி, திருப்பித் திருப்பி, ஒட்டிய விளிம்பை விரலால் தடவிப் பார்த்தாள். இவ்வளவு கவனமாக எவரும் பார்த்து நான் கண்டதில்லை. “குலையல்ல சேர்” என்றாள். அவளுக்கு ஆறுதலாக ஏதேனும் சொல்ல வாய் உன்னியது. பரீட்சை மண்டபத்தில் ஒரு பரீட்சார்த்திக்கு மட்டும் தனியாக எதையும் சொல்லக்கூடாது. “சுட்டெண்ணைத் தெளிவாக எழுதுங்கள்” என்றேன். எழுதினாள்.

கத்தரிக்கோலை எடுத்து அவர்கள் முன்னிலையில் வெட்டினேன். கோணாமல் வெட்டினேன். வினாத்தாள்கள் ஒவ்வொரு மேசைக்கும் போயின. எவரும் அவற்றைத் தொடத் தயங்கவில்லை. மணி அடித்தது, நேரம் இழக்கப்படவில்லை.

பின்பு தாள்கள் புரளும் ஓசை மட்டும் இருந்தது. நெடுநேரம் கழித்தே ஒன்றைக் கவனித்தேன். இளம் நோக்குநர் சாளர ஓரமாக நடந்துகொண்டிருந்தார், ஓசை இல்லை. அவரது மேசைமேல் கைக்குட்டை ஒன்று முடிச்சிடப்பட்டுக் கிடந்தது. அவர் எந்தப் பிள்ளையின் அருகிலும் நிற்கவில்லை. நடுவரிசையைக் கடக்கையில் நானும் நிற்கவில்லை. அந்தப் பழைய வாதத்தில் நான் விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியாது; அன்றைக்கு மட்டும் அவள் சொன்னபடி செய்தேன்.

விடைத்தாள்களைச் சுட்டெண் ஒழுங்கில் அடுக்கி, எண்ணிச் சரிபார்த்து, உறையிலிட்டு முத்திரையிட்ட பின் வாசலுக்கு வந்தேன். பச்சைச் சேலைத் தாய் மகனோடு நின்றாள். அவன், அளவுகோல் பையன்.

“லேசாம் சேர், கணக்கு” என்றாள், என்னைப் பாராமல். பிறகு, “நாளைக்கும் நீங்கதானா பொதி வெட்டுற?”

“ஓம். நான்தான்.”

“அப்ப நான் புள்ளைக்குத் தேசிக்காய் வெட்டித் தோசம் கழிச்சுத்தான் அனுப்புவன்.”

“வெட்டுங்க. ஆனா தேசிக்காய மண்டபத்துக்குள்ள கொண்டு வர விடமாட்டன். பேனை, பென்சில், அடையாள அட்டை. அவ்வளவுதான்.”

பையன் வாயைப் பொத்திக்கொண்டான். பொலிஸ்காரர் வானின் கதவைத் திறந்தார். திரும்பும் வழியில் சந்திப் பதாகையின் ஒரு முனை அவிழ்ந்து தொங்கியது. வானை நிறுத்தச் சொல்லவில்லை. முத்திரையிட்ட விடைத்தாள்கள் மடியில் இருக்கும்போது வழியில் இறங்கக்கூடாது.

மறுநாட் காலையிலும் சவரம் செய்துகொண்டேன். அக்கா அடுக்களை வாசலில் நின்று பார்த்தார்.

“தேத்தண்ணி ஆறுது, குடிச்சிட்டுப் போ” என்றார்.