ஒருவகை மீன்

எழுபதுகளின் தொடக்கத்தில் யாழ்ப்பாணத்து அச்சகம் ஒன்றில் நானும் நடராசாவும் புரூஃப் பார்த்தோம். நான் வட்டுக்கோட்டைக் கிறிஸ்தவ வீட்டுப் பெண். அவர் வடகரையில் கடலோடிக் குடும்பத்துப் பிள்ளை, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவர். என் மேசையில் அப்பாவின் பழைய மிஷன் காலத்து அகராதி, அவர் மேசையில் ஒரு கையடக்க அகராதி. நான் திருத்தியதை அவர் மாற்றுவார், அவர் மாற்றியதை நான் திரும்ப மாற்றுவேன்.

ஒருநாள் மனேச்சர் வெடித்தார்.

"ஒரு புத்தகத்துக்கை ரெண்டு தமிழோ? ஒரு அகராதியைத் தெரிவுசெய்யுங்கோ. இனி அது சொல்லுறதுதான் இங்கை சட்டம்."

இந்தியப் புத்தகம் வருவதே அரிதாக இருந்த காலம். எப்படியோ கடையொன்றுக்கு ஒரு பெரிய அகராதி வந்திருந்தது. பொன்னெழுத்து அட்டை, வழவழப்பான தாள். ஒரு கிழமைக்கு இரவல் வாங்கிவந்தோம். உண்மையைச் சொன்னால் அதைத் தூக்கிய உடனேயே என் மனம் அதன் பக்கம் சாய்ந்துவிட்டது.

ஆனாலும் எதை வைத்துத் தெரிவுசெய்வது? தெரியாத சொல்லைத் தேடினால் அகராதி சொல்வது சரியா பிழையா என்று நமக்கு எப்படித் தெரியும்? எங்களுக்கு நன்றாகத் தெரிந்ததைக் கேட்டுப் பார்ப்போம் என்றேன். நான் கிணறு, துலா, தோட்டம் என்று கேட்டேன். கையடக்க அகராதி பாதியிலேயே கையை விரித்தது. மற்ற இரண்டும் தப்பின.

"இனி நான் கேக்கிறன் அக்கா," என்று நடராசா பொன்னெழுத்தைப் புரட்டினார். "பாரை, ஒருவகை மீன். ஓரா, ஒருவகை மீன். திருக்கை, அதுவும் ஒருவகை மீன்! உதை எழுதினவை கடலைக் கண்டும் இருக்கமாட்டினம். பேத்தை..."

"அதுவும் ஒருவகை மீன்தானே?" என்று சிரித்தேன். சிரித்தபடியே எனக்குப் பொறி தட்டியது. அந்தப் பெயரைக் காலையில்தான் புரூஃபில் பார்த்திருந்தேன். கிறேஸ் ரீச்சர் மாணவிகளுக்கு எழுதிய மனையியல் புத்தகத்தில் 'கறிக்கு ஏற்ற மீன்கள்' என்றொரு பட்டியல். எடுத்துக் காட்டினேன். நடராசாவின் முகம் மாறிவிட்டது.

"அக்கா, உது நஞ்சு. எங்கடை ஊரிலை உதைத் திண்டு ஒரு சின்னப்பிள்ளை செத்தது."

அப்பாவின் அகராதியைத் திறந்தேன். 'பேத்தை: கடல்மீன். தொட்டால் வயிறு ஊதும். உண்ணத் தகாதது.' தொகுத்தவர் கரையில் நின்று கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

பொன்னெழுத்து சட்டமாகியிருந்தால் அந்தப் பட்டியலுக்கு நானே சரி போட்டிருப்பேன். இரண்டும் ஒன்றோடொன்று அழகாக ஒத்துத்தானே போயின!

நாங்கள் சொல்லியனுப்ப, மறுநாள் சண்டிலிப்பாயிலிருந்து பஸ்ஸில் ரீச்சர் வந்தா.

"கடையிலை வைச்சு உந்தப் பெரிய அகராதியிலை பாத்துத்தானே எழுதினனான்," என்று முதலில் கோபப்பட்டா. நடராசா அந்தப் பிள்ளையின் கதையைச் சொன்னார். ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டா.

"எங்கடை பக்கம் சைக்கிளிலை கொண்டுவாற நாலைஞ்சு மீன்தான் தம்பி எனக்குத் தெரியும். பட்டியல் நிறைவா இருக்கட்டுமெண்டு நினைச்சன்."

பேனையை வாங்கிப் பேத்தையை வெட்டினா. பிறகு தனக்குத் தெரியாத மீன்கள் எல்லாவற்றையும் வெட்டினா. மிஞ்சிய சின்னப் பட்டியலின் கீழே ஒரு வரி எழுதினா: 'பெயர் மட்டும் தெரிந்த மீனைச் சமைக்க வேண்டாம்.'

பொன்னெழுத்து கடைக்குத் திரும்பிப் போனது. அப்பாவின் அகராதி எங்கள் சட்டமாயிற்று. அதன் எழுத்துநடை பழையதென்று மனேச்சர் முணுமுணுத்தார். நடையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

இன்றும் புது அகராதி எது கைக்கு வந்தாலும் நான் முன்னுரையைப் படிப்பதில்லை. நேரே பேத்தைக்குப் போவேன். 'ஒருவகை மீன்' என்றிருந்தால் மூடி வைத்துவிடுவேன்.