மஞ்சள் எச்சரிக்கை

எங்கள் ஆபீஸில் அவளுக்குப் பூட்டக்கா என்று பேர். மேஜை டிராயரைப் பூட்டி, இழுத்துப் பார்த்து, லிஃப்ட் வரைக்கும் போனவள் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுப்பாள். நாங்கள் கேலி செய்வோம். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றும் கருவிக்கு நாங்கள் புரோகிராம் எழுதுகிறோம். யார் எதை மாற்றினாலும் பேரோடு பதிவாகும். பேர் என்ன பெரிய பேர், யாரும் யார் பேரையும் போட்டுவிடலாம். அதனால்தான் ஆளுக்கொரு ரகசியச் சாவி, அவரவர் லேப்டாப்பில் இருக்கும் ஒரு கோப்பு. அதை வைத்து டிஜிட்டல் கையொப்பம். செட்டிங்கில் சொன்ன சாவி லேப்டாப்பில் இல்லையென்றால் பதிவே நிற்கும்படி சோதனை எழுதியவள் பூட்டக்காதான்.

மேனேஜருக்கு அது பிடிக்கவில்லை. "ஆவூன்னா நின்னுடுது. மஞ்சள்ல ஒரு எச்சரிக்கை காட்டிட்டு விட்டுடட்டும்."

"அத யாரும் படிக்க மாட்டாங்க சார்."

"சொன்னதச் செய்யுங்கம்மா."

செய்தாள். பிறகு அவளுக்குப் புது லேப்டாப் வந்தது. பழைய செட்டிங்கை அப்படியே ஏற்றிக் கொடுத்தார்கள். கையொப்பம் 'ஆம்' என்றிருந்ததைப் பார்த்துக்கொண்டாள். சாவி மட்டும் பழைய லேப்டாப்பிலேயே தங்கிவிட்டது. எச்சரிக்கை வந்துகொண்டுதான் இருந்தது. திரை முழுக்க வேறு பல மஞ்சள் வரிகள், எந்தப் புண்ணியவான் படிப்பான்?

ஒரு நாள் மருந்தின் உச்ச அளவை யாரோ அவள் பேரில் மாற்றிவிட்டார்கள். நல்லவேளை, சோதனைக் கூடத்திலேயே கருவி தாறுமாறாக ஓடி மாட்டிக்கொண்டது.

"நான் பண்ணல சார். அதுல என் கையொப்பம் இல்ல பாருங்க."

"உங்க வேல எதுலயுமே இல்லையேம்மா." மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினார். மாதக்கணக்கில் அவள் செய்ததும் அந்தத் திருட்டு வேலையும் ஒரே மாதிரி மொட்டையாக நின்றன.

நான் குறுக்கே புகுந்தேன். "எச்சரிக்கை போதும்னு சொன்னது யாரு சார்?"

"அது வேற விஷயம்."

அன்றே அவளை வேலையை விட்டுப் போகச் சொன்னார்கள். வீட்டில் அவள் சம்பளம் ஒன்றுதான்; கணவர் முதுகு உடைந்து படுத்திருந்தார். "என்னங்க, இன்னைக்குச் சீக்கிரம் வந்துடுவேன்" என்று மட்டும் போனில் சொன்னாள். டிராயரைக் காலி செய்தாள். பூட்டாமல் போனாள்.

மறுநாள் கையொப்பச் சோதனையைப் பழையபடி கடுமையாக்கினார்கள். முதலில் நின்றது மேனேஜருடைய பதிவு. அப்படியானால் இத்தனை நாள் அவருடையதிலும் கையொப்பம் இல்லை. சிவப்பு எழுத்தை முறைத்துக்கொண்டே, பழக்கதோஷத்தில் அவள் நாற்காலிப் பக்கம் குரல் கொடுத்தார்.

"இது என்னன்னு கொஞ்சம் வந்து பாருங்கம்மா."