தேசப்பன் வண்டி கிளம்பாத மதியம்

பேய், ஆவி என்று யாராவது என் பட்டறையில் வந்து பேச்செடுத்தால், கையில் இருக்கிற ஸ்பேனரைக் காட்டி, "போய் வேற வேலையப் பாருபா" என்று விரட்டுகிற ஆள் நான். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கிறவனிடம், முதலில் டயரில் காற்று இருக்கிறதா பாருடா என்று சொல்லியிருக்கிறேன். எர்ணாவூரில் டீசல் வண்டி மட்டுமே பார்க்கிறவன். வண்டி பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான், எனக்குத் தெரிந்த வேதம் அவ்வளவுதான். அப்படிப்பட்டவன்தான் இதைச் சொல்கிறேன். நம்பினால் நம்புங்கள், இல்லையா, டீயைக் குடித்துவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள், எனக்கொன்றும் நஷ்டமில்லை. ராத்திரி, சுடுகாடு, நாய் ஊளை எதுவும் இதில் கிடையாது. பட்டப்பகல், மண்டை காய்கிற வெயில், ஒரு குப்பமே சுற்றி நின்று பார்த்தது.

தேசப்பன் என் தோஸ்து. திருவொற்றியூர் பக்கம் கடலோரக் குப்பத்துக்காரன். நல்ல உயரம். பிக்கப் வண்டியில் ஏறினால் முட்டி ஸ்டீயரிங்கில் இடிக்கும், அதனால் சீட்டைக் கடைசி வரைக்கும் பின்னால் தள்ளிவிட்டுத்தான் ஓட்டுவான். காசிமேட்டில் மீன் ஏற்றி, பொண்டாட்டி கோமதியையும் கூடைகளையும் மாத்தூர், மாதவரம் என்று சந்தை சந்தையாகக் கொண்டுபோய் இறக்குவான். வாசலில் வண்டியை எடுத்தால் ஹாரன் அடிக்கிற பழக்கம் இல்லை, ஆக்சிலேட்டரை இரண்டு தரம் மிதிப்பான். டுர்ர், டுர்ர். உள்ளேயிருந்து கோமதி, "தோ வந்துட்டேன்யா!" என்று கத்திக்கொண்டே கூடையோடு ஓடிவருவாள். "இன்னா மாமு, நீ தாலி கட்னது அதுக்கா, இந்த வண்டிக்கா?" என்று நான் கிண்டல் பண்ணாத நாள் இல்லை.

மீன்பாடு நன்றாக இருக்கிற நாட்களில் தம்பி சீனுவோடு அவனும் ஃபைபர் போட்டில் கடலுக்குப் போவான். அப்படிப் போன ஒரு நாள் போட்டு கவிழ்ந்துவிட்டது. சீனு ஒரு கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்து கரை வந்து சேர்ந்தான். தேசப்பன் வரவில்லை. குப்பத்துப் போட்டுகள் எல்லாம் போய்த் தேடின, நானும் ஒரு நாள் கூடப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தேன், ஒரு செருப்புக்கூடக் கிடைக்கவில்லை.

உடம்பு கிடைக்காதவர்களுக்கு அங்கே ஒரு வழக்கம் உண்டு. வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, போனவனுடைய சட்டை லுங்கியைப் போட்டுவிட்டு, கரைக்குக் கொண்டுபோய்க் கொள்ளி வைப்பார்கள். பொண்டாட்டியின் தாலியையும் அங்கேயே கழற்றிவிடுவார்கள். ஊர்ப் பெரியவர்கள் நாள் குறித்துவிட்டார்கள். கோமதி மட்டும் ஒரே பிடிவாதம். "அவரு எங்கியோ கரை ஏறிக்கினு கீறாரு. ஒடம்பக் காட்டுங்க, நானே கயட்டித் தரேன். காட்டாம நான் ஏன் கயட்டணும்?" என்று கேட்டாள். அவள் பேச்சை யார் கேட்கிறார்கள்? உருவம் கட்டி, தேசப்பனின் பிக்கப்பிலேயே படுக்கவைத்து, மேலே ஒரு போர்வையும் போட்டாகிவிட்டது. பொழுது சாய்வதற்குள் முடித்தாக வேண்டும். அந்த நேரம் பார்த்து வண்டி கொஞ்சம் இருமி நின்றுபோனது, திரும்ப ஸ்டார்ட் ஆகவே இல்லை. சீனு எனக்குப் போன் போட்டான்.

நான் போனபோது வாசலில் பெரிய கூட்டம். வண்டியில் ஆள் படுத்திருக்கிற மாதிரியே அந்த உருவம். தேசப்பனின் நீலக் கட்டம் போட்ட சட்டை போர்வைக்கு வெளியே தெரிந்தது, அந்தச் சட்டையில்தான் அவன் என் மகள் காதுகுத்துக்கு வந்திருந்தான். வேறு வண்டியில் எடுத்துப் போங்களேன் என்று சொல்லிப் பார்த்தேன். தேசப்பனின் அப்பா பின்சக்கரத்தில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். "என் புள்ள வண்டி கீறசொல்ல வேற வண்டி எதுக்குடா நாகு? அவன் வண்டியிலதான் அவன் போவணும்" என்றார்.

உள்ளே ஏறி உட்கார்ந்தேன். அண்ணன் போனதிலிருந்து சீனுதான் ஓட்டியிருக்கிறான், அவன் குள்ளம், சீட்டை நன்றாக முன்னால் இழுத்து வைத்திருந்தான். நானும் பெரிய உயரமில்லை, அதுவே எனக்குச் சரியாக இருந்தது. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பினால் செல்ஃப் மோட்டார் ஜம்மென்று சுற்றுகிறது, பேட்டரி நன்றாக இருக்கிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை. அப்படியென்றால் டீசலில்தான் கோளாறு. பானெட்டைத் திறந்து, ஃபில்டருக்கு அடியில் இருக்கிற திருகைத் தளர்த்தி, வெட்டிய பாட்டில் ஒன்றில் பிடித்தேன். வந்தது தண்ணீர். விரலில் தொட்டு நாக்கில் வைத்தால் உப்புக் கரித்தது.

"யார்ரா இதுல கடல் தண்ணிய வுட்டது?" என்று கத்தினேன். சீனு முகம் செத்துப்போய், "நேத்து போட்டு கேன்ல மிச்சம் இருந்த டீசல ஊத்துனேண்ணா, அதுல எறங்கிகிச்சு போல" என்றான். கூட்டமே அவனைத் திட்டியது. படகுக்கு வாங்கிய டீசலை வண்டிக்கு ஊற்றுவதும், அதில் தண்ணீர் கலந்து என்னிடம் வந்து நிற்பதும் அந்தப் பக்கத்தில் புதிதல்ல. ஆனால் கேனில் கலந்தால் ஒரு டம்ளர் வரும். இங்கே பாட்டிலை மாற்றி மாற்றிப் பிடித்தும் வந்துகொண்டே இருந்தது.

கை கழுவ வீட்டுப் பக்கவாட்டில் இருந்த குழாய்க்குப் போனேன். கோமதி அங்கே நின்றிருந்தாள்.

"சீனுவ திட்டாதண்ணா. நான்தான் காலைல கொடத்துல மொண்டாந்து ஊத்துனேன்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அடிப்பாவி, அறிவு கீதா உனக்கு? பம்புக்குள்ள போயிருந்தா வண்டியே காலி!"

"போனா போவட்டும். சரி பண்ணாதண்ணா, உன் கால்ல வுயறேன். வண்டி கரைக்குப் போச்சின்னா எல்லாம் முடிஞ்சிடும். அவரு திரும்பி வந்து, ஏண்டி நான் உசுரோட கீறசொல்லவே கயட்டிட்டியான்னு கேட்டா நான் இன்னா சொல்லுவேன்?"

என் கோபமெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. குழாயைக்கூட மூடாமல் திரும்பி வந்துவிட்டேன்.

வண்டிக்கு அடியில் படுத்தேன். தேசப்பனின் அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். டேங்கை இறக்கி, கழுவி, வெயிலில் காயவைத்து மாட்டினேன். புது ஃபில்டர் போட்டேன். பங்கில் போய்ப் புது டீசல் வாங்கிவரச் சொல்லி ஊற்றி, கைப்பம்பை அடித்துக் குழாய்க்குள் இருந்த காற்றை எல்லாம் வெளியேற்றினேன். ஒரே ஒரு நட்டை முறுக்காமல் விட்டால் போதும், இன்றைக்கு வண்டி போகாது, அவள் தாலி இன்னும் ஒரு நாள் கழுத்தில் கிடக்கும் என்று மனசு அடித்துக்கொண்டது. விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். பாழாய்ப்போன கை, பழக்கத்தில் அதையும் முறுக்கிவிட்டது.

சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட் ஆகவில்லை.

சரி, இன்னும் எங்கேயோ காற்று இருக்கிறது என்று இன்ஜெக்டர் குழாய்களைத் தளர்த்திப் பார்த்தால் எல்லாவற்றிலும் டீசல் பீய்ச்சியடிக்கிறது. ஹீட்டர் பிளக் சுடுகிறது. காற்று ஃபில்டரைக் கழற்றி எறிந்துவிட்டும் பார்த்தாயிற்று. டீசல் எஞ்சினுக்கு நல்ல காற்று, நல்ல டீசல், உள்ளே அழுத்தம், இவ்வளவு இருந்தால் பிடித்தே ஆக வேண்டும். பிடிக்காவிட்டாலும் சைலன்சரில் வெள்ளைப் புகையாவது வரும். அதுகூட வரவில்லை. என் தொழிலில் அப்படி ஒன்றை அதற்கு முன்னாலும் நான் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"இன்னா மெக்கானிக்குபா நீ, பொழுது போய்க்கினே கீது" என்று ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். கோமதி கதவோரம் நின்று என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்காக நான்தான் ஏதோ செய்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டாள். சத்தியமாக நான் ஒன்றும் செய்யவில்லை. கும்பிட்டுவிட்டு உள்ளே திரும்பிப் பக்கத்து வீட்டுக்காரியிடம், "அக்கா, பசிக்குது, ஒரு பிடி சோறு போடேன்" என்று கேட்டது என் காதில் விழுந்தது. தேசப்பன் போனதிலிருந்து கோமதி வாயைத் திறந்து சோறு கேட்டது அப்போதுதான்.

சாவியை உருவி என் சட்டைப் பையில் போட்டேன். எல்லோரும் தள்ளிப் போங்கள், கொஞ்சம் நிம்மதியாகப் பார்க்க விடுங்கள் என்று கத்தி, கூட்டத்தை வேலியோரம் அனுப்பிவிட்டேன். கதவு இரண்டும் சாத்தியிருந்தது. பானெட்டுக்குள் தலையைவிட்டு, அடுத்து எதைக் கழற்றுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

எஞ்சின் பிடித்தது. நான் கையை இழுத்துக்கொள்வதற்குள், ஒரே சுற்றில், சுத்தமாகப் பிடித்தது. அது பழைய மாடல் வண்டி, ஆக்சிலேட்டரை மிதித்தால் ஒயர் இழுத்துப் பம்பில் இருக்கிற சின்ன லீவர் நகரும். அந்த லீவர் என் விரலுக்குப் பக்கத்தில் பின்னால் போய் வந்தது. டுர்ர். மறுபடியும் போய் வந்தது. டுர்ர். நான் பானெட் இடுக்கு வழியாக உள்ளே பார்த்தேன். யாரும் இல்லை. சட்டைப் பையைத் தொட்டேன். சாவி இருந்தது.

"தோ வந்துட்டேன்யா!"

உள்ளேயிருந்துதான். ஐயோ, அந்தக் குரலை நான் எப்படிச் சொல்வேன்? அவள் யோசிக்கவேயில்லை, பழக்கம், அவ்வளவுதான். வலது கையில் சோற்றுப் பருக்கை, இடது கையில் காலிக் கூடை, முகமெல்லாம் சிரிப்போடு ஓடிவந்து டிரைவர் கதவோரம் நின்றாள். கண்ணாடி வழியாக அந்தச் சீட்டையே பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவள் என்ன கண்டாளோ, நான் கேட்டதும் இல்லை, அவள் சொன்னதும் இல்லை. சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. கூடையைக் கீழே வைத்தாள். "வந்துட்டாரு" என்று மட்டும் சொன்னாள்.

அப்போதுதான் சீனுவின் போன் அடித்தது. எண்ணூர் முகத்துவாரத்தில் வலை போட்டவர்கள் பேசினார்கள். வலையில் ஒரு உடம்பு ஏறியிருக்கிறது, மார்பில் கோமதி என்று பச்சை குத்தியிருக்கிறது, இப்போதுதான் கரைக்குக் கொண்டுவந்தோம் என்றார்கள். சீனு அதைக் கேட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்து கேவினான். குப்பத்துப் பெண்கள் எல்லாம் ஓவென்று அழுதார்கள். கோமதி அழவில்லை. வண்டியின் பின்பக்கம் போய்ப் போர்வையை இழுத்தாள். "இந்த வைக்கலை எறக்குங்க. அதான் அவரே வராரே" என்றாள்.

நான்தான் ஓட்டுவதாகச் சொல்லி ஏறினேன். கிளட்சை மிதிக்கக் காலை நீட்டினால் எட்டவில்லை. சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் போயிருந்தது. சீனுவைப் பார்த்தேன். "நான் தொடவே இல்லண்ணா, கடைசியா நீதான ஒக்காந்திருந்த" என்றான். நுனியில் உட்கார்ந்துதான் எண்ணூர் வரைக்கும் ஓட்டினேன், சீட்டை முன்னால் இழுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. போலீஸ், ஆஸ்பத்திரி எல்லாம் முடித்து அவனை அவன் வண்டியிலேயே கொண்டுவந்தோம். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை. கரையில் கோமதி சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினாள். யார் கையும் படவிடாமல் அவளே தாலியைக் கழற்றி, அவன் மார்மேல் வைத்தாள்.

ஸ்டார்ட்டருக்குக் கரண்ட் விடுகிற ரிலே ஒட்டிக்கொண்டு தானாகச் சுற்றியிருக்கும் என்று நீங்கள் சொல்லப் போகிறீர்கள். நான் சொல்லாததா? மறு வாரமே பிரித்துப் பார்த்தேன், புதுசு மாதிரி இருந்தது. அப்படியே ஒட்டியிருந்தாலும், சாவி இல்லாமல் பம்புக்கு டீசல் திறக்காது. அதைக்கூட விடுங்கள். ஆக்சிலேட்டரை மிதித்தது யார்?

இப்போது கோமதியே வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டு, அவளே மாத்தூருக்கு மீன் கொண்டுபோகிறாள். சர்வீசுக்கு என்னிடம்தான் வருவாள், வரும்போதெல்லாம் நல்ல வஞ்சிரமாகப் பார்த்து ஒன்று கொண்டுவந்து கொடுப்பாள். "அன்னிக்கு எனக்கோசரம் வண்டிய நிறுத்தி வெச்சியேண்ணா, எந்த ஜென்மத்துல தீக்கப் போறேன்" என்பாள். அது நான் இல்லை தாயே என்று சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அவள் என்னைவிடக் குள்ளம். முதுகுக்கு இரண்டு தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறாள். ஏம்மா, சீட்டை முன்னால் இழுத்துக்கொள்ளக் கூடாதா என்று ஒருநாள் கேட்டேன். "இய்த்து வெச்சா, மறுநாளு காலைல பின்னாலதாண்ணா கீது. வுட்டுட்டேன்" என்றாள். சீட்டு நகர்கிற ரெயில் தேய்ந்திருக்கும் என்று பழசைக் கழற்றிவிட்டுப் புதிதாகவே போட்டேன். சீட்டை முன்னால் இழுத்து, ஆட்டிப் பார்த்து, அசையவில்லை என்று தெரிந்த பிறகுதான் பட்டறையைப் பூட்டினேன். காலையில் நான்தான் திறந்தேன். சீட்டு கடைசி வரைக்கும் பின்னால் இருந்தது.

வண்டி எடுக்க வந்த கோமதி, "இன்னாண்ணா, சீட்டு முன்னால நிக்குதா?" என்று கேட்டாள். "நிக்கலமா" என்றேன். "நான்தான் சொன்னேனே" என்று சொல்லிவிட்டுத் தலையணைகளைச் சரிசெய்து ஏறி உட்கார்ந்தாள். கிளம்பும்முன் இரண்டு தரம் மிதித்தாள். பிறகு, யாரோ அந்தப் பக்கம் ஏறிக் கதவைச் சாத்துகிற வரைக்கும் காத்திருப்பது மாதிரி, கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் போனாள்.