பாவிக்கக் கூடாத சாமான்கள் வாடகைக்கு

கொடுத்த சாமான் ஒருநாளும் பயன்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே வாடகைக்கு விடும் தொழில் என்னுடையது. கவுண்டருக்குப் பின்னால் நின்று கால் கடுத்தவர்களே, உங்களுக்குத்தான் இந்த வேதனை விளங்கும். லண்டனில் மலைச் சாமான் கடையொன்றில், பனிமலைக்குப் போகிறவர்களுக்கு மூன்று பொருள்கள் கொடுக்கிறேன்: பனிச்சரிவில் புதைந்தவரைத் தேட பீக்கன் என்ற சின்னக் கருவி, பனிக்குள் குத்திப் பார்க்க நீளக் கம்பி, தோண்ட ஷவல். நானோ பனிமலையைப் படத்தில் பார்த்தாலே நடுங்குகிறவள்.

சுவிஸ் அனுபவம்

கிழக்கு லண்டன் ஃபாரஸ்ட் கேட்டிலிருந்து மரியதாஸ் அண்ணையும் மனைவி றீற்றா அக்காவும் வந்தார்கள். மகள் ஷரோன் சிநேகிதிகள் இருவரோடு ஆல்ப்ஸ் மலைக்குப் போகிறாளாம், ஆளில்லாத சரிவுகளில் சறுக்க. மறித்துப் பார்த்தார்கள், அவள் கேட்கவில்லை. சாமானையாவது தாங்களே பார்த்து எடுக்கலாம் என்று வந்துவிட்டார்கள்.

அண்ணை லண்டனுக்கு வர முதல் பன்னிரண்டு வருடம் சுவிஸில் இருந்தவர். அப்படி வந்தவர்களுக்குப் பனியைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது. காலையில் வெளிக்கிடும்போதே பீக்கனைப் போட வேண்டும், திரும்பி வந்த பிறகுதான் நிறுத்தலாம், அது ஓயாமல் சமிக்ஞை அனுப்பும் என்று விளக்கினேன். அவர் அதை வாங்கி, நிறுத்தி, என்னிடம் திருப்பிக் காட்டினார். "பிள்ளை, பற்றரி வீணாப் போகும். பனி சரிஞ்சாப் பிறகு போட்டாப் போச்சு!"

எவ்வளவு தூரம்?

பனி சரிந்து மூடினால் விரலைக்கூட அசைக்க ஏலாது என்று சொல்லி, அவர் கண்ணுக்கு முன்னாலேயே புதுப் பற்றரி போட்டேன். றீற்றா அக்கா, மகள் எங்கே நிற்கிறாள் என்று இதை வைத்து லண்டனில் இருந்தபடியே தெரியுமா என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்க்க ஓம் என்று பொய் சொல்லத்தான் மனம் வந்தது. சொல்லவில்லை. இந்தக் கடையின் நீளத்தைவிடக் கொஞ்சம் கூடுதலான தூரத்துக்குத்தான் சமிக்ஞை கேட்கும் அக்கா, பக்கத்தில் நிற்பவர்கள்தான் தங்கள் பீக்கனால் தேடிச் சில நிமிடத்துக்குள் தோண்டி எடுக்க வேண்டும், வெளியாட்கள் வரும்வரை உயிர் பொறுக்காது என்றேன்.

அக்கா கைப்பைக்குள் செபமாலையைப் பிடித்தபடி யோசித்தார். "அப்ப என்ரை பிள்ளையின்ரை உயிர் அந்த ரெண்டு பெட்டையளின்ரை கையிலைதான். நாளைக்கு அவையைக் கூட்டிக்கொண்டு வாறன், தங்கச்சி."

பெண் பார்க்கும் படலம்

கூட்டிக்கொண்டே வந்துவிட்டார். ஷரோன் வெட்கத்தில் உடுப்புகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். சிநேகிதிகள் எமிலியும் ஹன்னாவும் பாவம், சம்பந்தி வீட்டாரிடம்கூட யாரும் கேட்காத கேள்விகளுக்கெல்லாம் பதில் சொன்னார்கள். பிறகு அக்கா ஒரு பீக்கனைக் குளிர்ச்சட்டைக் குவியலுக்குள் ஒளித்துவைத்துத் தேடச் சொன்னார். எமிலி உடனே எடுத்துவிட்டாள். ஹன்னா கடையைச் சுற்றிச் சுற்றி வந்தாள், கிடைக்கவில்லை. பார்த்தால், நெஞ்சுப் பாக்கெட்டில் போன். பீக்கனுக்குப் பக்கத்தில் போன் இருந்தால் அது குழம்பிவிடும்.

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. மணிக்கொருக்கால் தான் எடுக்கும் போன் கோல் கேட்க வேண்டும் என்று, ஷரோனை நெஞ்சில் போன் வைக்கச் சொன்னதே அவர்தான். ஹன்னா கண்டுபிடிக்கும்வரை திரும்பத் திரும்பத் தேடவைத்தார். போகும்போது மகளின் பாக்கெட்டிலிருந்த போனைத் தன் கையாலேயே எடுத்தார். "இதை நிப்பாட்டிப் பைக்குள்ளை வை. நான் கோல் எடுக்கமாட்டன். எப்பிடியோ இருந்துகொள்ளுறன்."

வீணாய்ப் போனது

அந்த வாரம் தினமும் அந்த மலையின் பனிச்சரிவு அறிக்கையைப் பார்த்தேன். வேறு எந்த வாடிக்கையாளருக்கும் அப்படிச் செய்ததில்லை. ஆபத்து ஐந்தில் மூன்று என்று போட்டிருந்தது. பாதிதானே என்று சனம் ஏமாறுவதே அந்த மூன்றில்தான்.

சொன்ன நாளில் ஐந்து பேரும் வந்தார்கள். சாமானுக்கு முதல் ஆட்களை எண்ணினேன். மலையில் ஒருநாள் நல்ல வெயிலாம், ஒரு தடமும் விழாத சரிவாம், ஷரோனுக்கு இறங்கியே தீர வேண்டுமாம். அப்போது காலுக்கடியில் பனி தொம்மென்று அமர்ந்திருக்கிறது. பனிக்குள் பலமில்லாத அடுக்கு இருப்பதற்கு அதுதான் அடையாளம். றீற்றா அன்ரிக்கு என்னால் பதில் சொல்ல முடியாது என்று ஹன்னா ஒரே பிடியாக நின்று திருப்பிக் கூட்டி வந்துவிட்டாள். அடுத்த நாள் பார்த்தால், அந்தச் சரிவின் பனி முழுதாகச் சரிந்து கீழே கிடந்ததாம்.

இதை அக்கா முதன்முதலாகக் கேட்டது என் கவுண்டரில்தான். ஹன்னாவைக் கட்டிப்பிடித்தார். எனக்கும் கண் நிறைந்துவிட்டது. மனதுக்குள் எல்லாத் தெய்வத்துக்கும் நன்றி சொன்னேன். மரியதாஸ் அண்ணை மட்டும் பீக்கன்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். ஒரு வாரம் ஓயாமல் ஓடியதில் பற்றரி நன்றாக இறங்கியிருந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "நான் அப்பவே சொன்னனான் தானே, பிள்ளை, பற்றரி வீணாப் போகும் எண்டு. கடவுள் புண்ணியத்திலை வீணாத்தான் போச்சு."

எடுத்த சாமான் ஒன்றுக்கும் உதவவில்லை என்று வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போகும் கடை, லண்டனில் எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.