சிடாம் கிரி மலைப்பாதையில் ஓர் இரும்புக் கூண்டு

ஞாயிறு, காலை பத்து மணி.

பினாங்கு விமான நிலையத்துக்கு என்னை அழைத்துப்போக வந்திருந்த என் தங்கை கணவர் சிவா, பிரயாணம் எப்படி இருந்தது என்றுகூடக் கேட்கவில்லை. "அக்கா, டுரியான் பழம் சாப்பிடுவீங்களா?" என்றார். அந்த வாசனையே எனக்கு ஆகாது என்றேன். "அப்போ நாளைக்கு மலைக்கு வாங்க. மூக்கு தானா பழகிடும் லா" என்று இந்த ஊர் 'லா'வையும் ஒட்டிச் சொல்லி, என் பெட்டியை வாங்கிக் காரில் போட்டுவிட்டார். விருந்தாளியை வரவேற்கிற லட்சணம் அது!

இருபத்துநான்கு கிலோமீட்டர் நீளப் பாலத்தில் கடலைத் தாண்டினோம். இரண்டு பக்கமும் தண்ணீர், மேலே வானம், நடுவே நாங்கள். போடிநாயக்கனூரில் முல்லைப் பெரியாற்றுக் கால்வாயைப் பார்த்தே வாயைப் பிளக்கிற ஆள் நான். அதற்கப்புறம் கெடா மாநில எல்லை, எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், ஒரு சுங்கச்சாவடி, பிறகு அவர்கள் வீடு இருக்கும் லூனாஸ். ஊர்ப் பலகையைப் பார்ப்பதற்கு முன்பே தெருவில் தமிழ் கேட்டது.

தங்கை கலா கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். தலை முதல் கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி. இதில் ஒன்று குறைந்தாலும் உள்ளே விடமாட்டார்களாம். "உன் புருஷனோட டுரியான் தோட்டத்திலயும் இப்படித்தானா?" என்று கேட்டேன். கலா சிரித்தாள். "அங்க ஜீப் ஓட்டுற லெட்சுமிக்கா இருக்காங்க. அவங்க கண்டிப்புக்குத் தொழிற்சாலையே தேவலாம்" என்றாள்.

திங்கள், காலை ஆறே முக்கால்.

லூனாஸில் ஒரு மாமாக் கடையில், அதாவது தமிழ் முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில், ரொட்டி சானாய் என்கிற பரோட்டாவும் தே தாரேக் என்கிற இழுத்து ஆற்றிய டீயும். இரண்டு பேருக்கும் சேர்த்து எட்டு ரிங்கிட். கல்லாவில் இருந்த பாய் என் பேச்சைக் கேட்டதும், "மதுரைப் பக்கமா?" என்றார். போடி என்றேன். அவருடைய பாட்டனார் கீழக்கரையிலிருந்து வந்தவராம். மலைக்குப் போகிறோம் என்று சொன்னதும் அவர் சிவாவைப் பார்த்துக் கேட்டார்: "கூண்ட வெட்டப்போறேன்னு சொன்னியே, வெட்டிட்டியா தம்பி?"

"சீசன் முடியட்டும் பாய்" என்றார் சிவா.

எந்தக் கூண்டு, எதற்கு வெட்டுவது என்று காரில் ஏறியதும் கேட்டேன். சிவா விலாவாரியாகச் சொன்னார். சிடாம் கிரியைத் தாண்டி ஒரு குன்றின்மேல் அவருக்கு டுரியான் தோப்பு இருக்கிறது. செம்மண் பாதை. முப்பது வருஷத்துக்கு மேலான ஒரு ஃபோர் வீல் ஜீப்தான் அதில் ஏறும். கூரை வெறும் கித்தான், கதவு என்று ஒன்றும் கிடையாது. அதை ஓட்டுகிற லெட்சுமி வேலைக்குச் சேரும்போதே ஒரு நிபந்தனை போட்டாராம்: வண்டிக்குள் இரும்புக் குழாயில் கூண்டு கட்ட வேண்டும், எல்லா இருக்கைக்கும் பெல்ட் வேண்டும். சரி என்று சிவா தலையாட்டிவிட்டார். இப்போது கூண்டும் இருக்கைகளும் அடைத்துக்கொண்டது போக மிஞ்சிய இடத்தில் முன்பு ஏறியதில் பாதிக் கூடைகள்தான் ஏறுகின்றன. ஒரு நடையில் வரவேண்டிய பழம் இரண்டு நடையாகிறது.

"பின்பாதிய வெட்டிட்டு பழைய மாதிரி பெஞ்சு போட்டுடலாம்னு பாக்குறேன். அந்தம்மா என்னன்னா, வெட்டுனா சாவிய நீங்களே வச்சுக்குங்கன்னு சொல்லுது. நீங்க சொல்லுங்கக்கா, உங்க வீட்டுலயும் ஜீப் இருக்கே, அதுல கூண்டா கட்டி வச்சிருக்கீங்க?"

எங்கள் வீட்டில் ஜீப் இருப்பது உண்மைதான். என் வீட்டுக்காரர் தினமும் காலையில் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு ஏறிப் பூப்பாறைக்குப் போகிறார். உள்ளே எத்தனை பேர் என்று எண்ணினால் அவருக்குக் கோபம் வரும். "கூண்டா? ஓரத்தில உட்கார்ந்தாப் போதும். வண்டி சாய்ஞ்சா குதிச்சிரலாம்" என்றேன், பெரிய அனுபவசாலி மாதிரி. எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது அதுதான். சிவாவுக்கு ஒரே சந்தோஷம். "இத லெட்சுமிகிட்ட சொல்லுங்க" என்றார்.

காலை எட்டு மணி, குன்றின் அடிவாரம்.

சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

லெட்சுமிக்கு ஐம்பது வயது இருக்கும். கையில் கிரீஸ், தலையில் தொப்பி, வாயில் வெற்றிலை. நான் சொன்னதை முழுசாகக் கேட்டார். வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"எங்கண்ணனும் அப்படித்தான் சொல்லும் அக்கா. அந்தப் பக்கத்துத் தோப்பு வண்டியில போச்சு. வண்டி சாஞ்சுச்சு, அண்ணன் குதிச்சுச்சு. வண்டி எந்தப் பக்கம் உருண்டுச்சோ அந்தப் பக்கம்தானே ஆளும் விழுவான்? வண்டி அது மேலயே வந்து விழுந்துடுச்சு. உள்ள கம்பியப் புடிச்சிட்டு இருந்த டிரைவருக்குக் கை மட்டும்தான் ஒடஞ்சுச்சு."

அவர் என்னைத் திட்டவில்லை. வண்டியைச் சுற்றிக் காட்டினார். மணிக்கட்டுப் பருமன் குழாய்கள், ஓட்டுநர் தலைக்குப் பின்னால் ஒரு வளைவு, முன் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒரு வளைவு, கடைசியில் ஒன்று. அவற்றை இணைத்து மேலேயும் குறுக்கேயும் குழாய்கள். தரைத்தகடு துருப்பிடித்திருந்ததால் கூண்டின் கால்களை அதில் வைக்காமல், அடியில் இருக்கிற சட்டத்தோடு கனத்த தகடு வைத்து முடுக்கியிருந்தார்கள். கூலிமில் ஒரு சீனப் போமன் செய்துகொடுத்தாராம். பட்டறைக்காரரை இங்கே போமன் என்கிறார்கள். பக்கவாட்டு பெஞ்சைக் கழற்றிவிட்டு, உடைத்த வேனிலிருந்து எடுத்த மூன்று இருக்கைகளை முன்பக்கம் பார்த்து வைத்திருந்தார்கள். தலை இடிக்கக்கூடிய இடத்திலெல்லாம் குழாயைச் சுற்றிக் கெட்டியான ரப்பர் உறை. இருக்கைக்குப் பின்னால் கம்பிவலை, அதற்குப் பின்னால்தான் பழம்.

"வலை எதுக்கு?" என்றேன்.

"இந்த முள்ளு டுரியான் பின்னாலேர்ந்து பறந்து வந்து மண்டையில விழுந்தா எப்படியிருக்கும்?" என்றார். அதற்கு மேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

முன்னால் லெட்சுமியும் சிவாவும். பின்னால் தோப்பில் பழம் பொறுக்கும் முனியம்மா வலது ஓரம், சரோஜா நடுவில், நான் இடது ஓரம். ஓரம்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கினேன், பழக்கதோஷம். லெட்சுமி சாவியைத் திருகவில்லை. தலையைச் சாய்த்துக் காத்திருந்தார். க்ளிக், க்ளிக், க்ளிக். "இன்னும் ஒரு சத்தம் வரல லா" என்றார், திரும்பிப் பார்க்காமலே. அது என்னுடையது. மாட்டினேன். சிவா கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கையெல்லாம் உள்ள. ஏதாச்சும் ஆனா கம்பியப் புடிக்காதீங்க, நெஞ்சுல இருக்கிற பட்டையப் புடிங்க" என்றார் லெட்சுமி. வண்டி உறுமியது.

காலை ஒன்பது மணி, தோப்பு.

அடேயப்பா, அந்த மரங்களை நான் எப்படிச் சொல்வேன்! அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலித்தது. எங்கோ உச்சியில் பழுத்தது தானாகக் கழன்று, கிளைகளை உரசிக்கொண்டு வந்து தொப்பென்று விழுகிறது. விழுந்த சத்தத்தை வைத்தே எந்த மரம் என்று சரோஜா ஓடுகிறாள். கீழே பார்த்தால் மூடுபனிக்குள் எண்ணெய்ப்பனை வரிசைகள், அதற்கும் அப்பால் ஜெராய் மலையின் நீல முதுகு. ஒரு பழத்தை முனியம்மா பிளந்து கொடுத்தார். மூக்கைப் பிடித்துக்கொண்டு வாயில் வைத்தேன். பிறகு மூக்கை விட்டுவிட்டேன். பிறகு இன்னொன்று கேட்டேன். சிவா சொன்னது சரிதான், அதை அவரிடம் சொல்லவில்லை.

மதியம் ஒரு மணிக்கு மழை பிடித்தது. இரண்டரைக்கு விட்டது.

மதியம் மூன்று மணி, இறக்கம்.

கூடைகள் ஏற்றி வலையைப் பூட்டினோம். க்ளிக் சத்தங்களை எண்ணிவிட்டு லெட்சுமி முதல் கியரில் இறக்கினார். "பெலான் பெலான்" என்று அவரே தனக்குச் சொல்லிக்கொண்டார். மெதுவாக, மெதுவாக. செம்மண் சோப்புபோல வழுக்கியது. மனிதர் நடக்கிற வேகம்தான். இரண்டாவது வளைவில் என் பக்கத்துச் சக்கரத்துக்குக் கீழே பாதையின் விளிம்பு சத்தமில்லாமல் இறங்கிப்போனது.

வண்டி என் பக்கம் சாய்ந்தது. அந்தக் கணத்தில் நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். யோசித்தது என் கை. நேராக பெல்ட் கொக்கிக்குப் போனது. குதி, குதி என்று போடி முழுக்க என் காதுக்குள் கத்தியது. கொக்கியைத் தொடுவதற்குள் சரோஜாவின் கை வந்து அதன்மேல் மூடிக்கொண்டது. "விடாதீங்கக்கா!"

பச்சை, சிவப்பு, வானம், மறுபடி பச்சை. தலைக்குப் பக்கத்தில் இரும்பு மண்ணைக் குத்துகிற ஓசை. பின்னால் பழங்கள் வலையில் மோதுகிற ஓசை. பிறகு ஒரு மரத்தில் இடித்து நின்றது. நாங்கள் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தோம்.

என்ன அமைதி! இலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. எங்கோ ஒரு பறவை. லெட்சுமி எஞ்சினை எப்போதோ அணைத்திருந்தார். பிறகு அவர் குரல் வந்தது, காலையில் சத்தம் எண்ணியபோது இருந்த அதே குரல்.

"சரோஜா?" "இருக்கேன்க்கா." "முனியம்மா?" "ம், இருக்கேன்." "ஊர் அக்கா?" நான் இருக்கிறேன் என்று சொல்லவே எனக்கு இரண்டு மூச்சு வேண்டியிருந்தது. "மொதலாளி?"

"என் செருப்பு ஒண்ணு காணோம்" என்றார் சிவா.

தலைகீழாகத் தொங்கிக்கொண்டே நாங்கள் நான்கு பெண்களும் சிரித்தோம். சிரிப்பு அழுகையாக மாறியது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

"யாரும் சட்டுனு கழட்டாதீங்க, மண்டையில விழுவீங்க. ஒரு கையத் தலைப்பக்கம் ஊனுங்க, அப்புறம் கொக்கிய அமுக்குங்க. ஒவ்வொருத்தரா." ஒவ்வொருவராக இறங்கி, ஊர்ந்து வெளியே வந்தோம். முனியம்மாவுக்குத் தோளில் பட்டை பதிந்த சிவப்புக் கோடு. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவ்வளவுதான். அவ்வளவேதான்!

வெளியே நின்று அந்த வண்டியைப் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். முன் கண்ணாடியின் சட்டம் அப்பளம்போல மடங்கி, பானெட்டோடு ஒட்டிக் கிடந்தது. கித்தான் கூரை இருந்த சுவடே இல்லை. கூண்டு மட்டும் மண்ணில் ஊன்றி, மொத்த வண்டியையும் தன்மேல் தாங்கிக்கொண்டு நின்றது. முன்வளைவு ஒரு விரல்கடை நெளிந்திருந்தது. அதற்கு உள்ளே, நாங்கள் உட்கார்ந்திருந்த இடம், காலையில் இருந்தபடியே இருந்தது.

மேலே, வண்டி முதலில் விழுந்த இடத்தில் பெரணிச்செடிகள் நசுங்கிக் கிடந்தன. குழாய் பதிந்து மண்ணில் ஒரு பள்ளம். என் இருக்கைக்கு நேர் பக்கம் அது. நான் குதித்திருந்தால் போய் விழுந்திருக்கும் இடம். அதை நான் கையால் தொட்டுப் பார்த்தேன். மழைத்தண்ணீர் அதற்குள் மெல்ல ஊறிக்கொண்டிருந்தது.

சிவா ஒற்றைச் செருப்போடு வந்து என் பக்கத்தில் நின்றார். வண்டியில் அவர் இருக்கைக்கு மேலிருந்த ரப்பர் உறையில் நெற்றி இடித்த தடம். வெட்டப்போவதாகச் சொன்ன பின்பாதிக் குழாயைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். அது அசையவில்லை. லெட்சுமி அவரைப் பார்க்காமல், சிதறிய பழங்களைப் பொறுக்கப் போய்விட்டார்.

"லெட்சுமி" என்று கூப்பிட்டார் சிவா. "நெளிஞ்சத மாத்திக் குடுக்கச் சொல்லி போமன்கிட்ட நாளைக்கே போவலாம். ரெண்டு நடை அடிப்போம். தாப்பா லா."

பரவாயில்லை என்று அர்த்தம். லெட்சுமி நிமிர்ந்தார். "சரி மொதலாளி" என்றார். நான் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

வியாழன், காலை எட்டு இருபது.

ஊர் திரும்பும் நாள். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் அதே மாமாக் கடை. பாய் காசு வாங்க மறுத்துவிட்டார். "உசுரோட வந்தீங்களே, அது போதும்" என்றார். பினாங்கு போகும் சாலையில் தொழிற்சாலைப் பேருந்துகள் வரிசையாக நின்றன.

இங்கே எட்டு இருபது என்றால் போடியில் ஐந்து ஐம்பது. வண்டி கிளம்பும் நேரம். கைபேசியில் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். திரையில் எங்கள் ஜீப். உள்ளே தூக்குவாளிகளோடு பெண்கள், ஒருத்தி மடியில் ஒருத்தி. பின்கம்பியில் தொங்கிக்கொண்டு இன்னும் நாலு பேர். என்னைப் பார்த்ததும் எல்லோரும், "அக்கா, எங்களுக்கு என்ன வாங்கிட்டு வர்றே?" என்று கத்திச் சிரித்தார்கள். ஒவ்வொரு முகத்தையும் எனக்குத் தெரியும். என் காது தானாகவே காத்திருந்தது. ஒரு க்ளிக் சத்தமும் வரவில்லை.

"எல்லாரையும் இறக்கிவிடுங்க. இன்னைக்கு வண்டி எடுக்க வேணாம்" என்றேன்.

"ஏன்டி? கெட்ட கனவு ஏதும் கண்டியா?"

"இல்லங்க. தலைகீழாத் தொங்கிட்டு வந்திருக்கேன்."

விபத்தைப் பற்றி நான் ஊருக்குச் சொல்லியிருக்கவில்லை; அவருக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனால் என் முகத்தில் எதையோ பார்த்தார். திரையை விட்டுத் திரும்பி, "இறங்குங்கத்தா, எல்லாரும் இறங்குங்க" என்று சொல்வது கேட்டது. முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள். கடைசி ஆள் தரையில் கால் வைக்கும்வரை நான் கைபேசியை வைக்கவில்லை.