தாளிக்காத வளவு

செண்பகவல்லி கைப்பிள்ளையோடு குடிவந்த மறுவாரம், அடுத்த வீட்டுக் குருவம்மாள் தன் ஆட்டுரலை இடம் மாற்றினாள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அதை ஒட்டிக் கிடந்த உரலில் அவள் விடியுமுன் வடைக்குப் பருப்பு ஆட்டுவாள். அந்தச் சத்தத்தில் பிள்ளை விழித்து அழும். யாரும் அவளிடம் குறை சொல்லவில்லை. அவளாகவே ஆள் வைத்து உரலைக் கிணற்றடிக்கு உருட்டிவிட்டாள். பிறகு சாரலில் நனைந்துகொண்டுதான் ஆட்டினாள். கேட்டவர்களிடம், "அங்கன நல்ல காத்து வருது" என்றாள்.

தென்காசியில் வளவு என்றால் ஒரு தலைவாசல், ஒரு கிணறு, முற்றத்தைச் சுற்றி எட்டு வீடு. ஒரு வீட்டில் இருமினால் எட்டு வீட்டிலும் கேட்கும். யார் வீட்டில் கருவாடு, யார் வீட்டில் சண்டை என்று தனியாக விசாரிக்க வேண்டியதே இல்லை.

குருவம்மாளுக்குப் புருஷன் காலமாகி வெகுநாள். பிள்ளையும் இல்லை. குற்றாலத்தில் சீசன் வந்துவிட்டால் ஆமவடை சுட்டு, கூடையில் சுமந்துபோய் அருவிக்குப் போகிற பாதையில் விற்பாள். அந்தச் சீசன் பாடுதான் அவளுக்கு வருஷக் கஞ்சி. மற்றபடி முப்பிடாதி அம்மன்தான் அவளுக்கு எல்லாம்.

அந்தக் கைப்பிள்ளை வள்ளித்தாய்க்கு நாலு வயசானபோது, ஆனி மாசம், சீசன் தொடங்கின சமயத்தில் உடம்பெல்லாம் அம்மை முத்துப் போட்டது. செண்பகவல்லி கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். புருஷன் மாடக்கண்ணு ஆலங்குளத்தில் போலீஸ்காரன். எப்போதாவதுதான் வீட்டுக்கு வருவான். முந்தின வருஷம் இதே வளவில் ஒரு வீட்டுக்கு அம்மை வந்தபோது, வளவுக்குச் சொந்தக்காரரான பால்வண்ணநாதன் அன்று சாயங்காலமே அவர்களை வெளியேற்றிவிட்டார். அந்தத் தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு கொட்டும் மழையில் போனதை இவள் கண்ணால் கண்டவள்.

அம்மன் வந்திருக்கும் வீட்டில் தாளிக்கக் கூடாது. அந்த நெடி அம்மனுக்கு ஆகாது. ஆகவே ஒரு வீட்டில் கடுகு வெடிக்கவில்லை என்றால் அடுத்த வீட்டுக்காரிக்குச் சந்தேகம் தட்டிவிடும். அதற்குப் பயந்து செண்பகவல்லி ஒரு காரியம் செய்தாள். காலைதோறும் வெறுஞ்சட்டியில் எண்ணெய் விட்டு, கடுகும் கறிவேப்பிலையும் போட்டு வெடிக்க விட்டாள். அது வெடிக்க வெடிக்க, "தாயே, கோவிச்சுக்கிடாத" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிள்ளைக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போயிற்று. தாளித்தால் பிள்ளை போய்விடுமோ, தாளிக்காவிட்டால் வீடு போய்விடுமோ என்று இரண்டுக்கும் பயந்தாள்.

அப்படி ஒரு காலையில் பின்கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"ஏட்டி செம்பகம், கதவைத் திற." குருவம்மாள் குரல்.

"தலைய வலிக்கி அக்கா, பொறவு வாங்க."

"கடுகு வெடிக்கி, கறிவேப்பிலை மணக்கி. அம்மியில ஒரு சத்தத்தையும் காணோமே. மசாலா அரைக்காம எந்தக் கொழம்பைட்டி தாளிக்கே?"

கதவு திறந்தது. குருவம்மாள் பாயருகே உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்தாள்.

"சின்ன முத்துதான். தாயி வெளையாட வந்திருக்கா, எறங்கிருவா. நீ மொதல்ல அந்தச் சட்டிய எறக்கு."

"எறக்குனா இன்னைக்கே வளவுக்காரர் காதுக்குப் போயிரும். இந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு நான் எங்கன போவேன் அக்கா?"

குருவம்மாள் எழுந்தாள். "நீ முத்தத்துப் பக்கம் வராத. தண்ணி நான் கொண்டாந்து வைக்கேன். வளவுப் பிள்ளையள இந்தப் பக்கம் அண்ட விடமாட்டேன்."

போனவள் தலைமுழுகி, கையில் மஞ்சள் துணி கட்டிக்கொண்டு, ஈரச் சேலையோடு கிணற்றடியில் நின்றாள்.

"எல்லாரும் கேட்டுக்கிடுங்க. முப்பிடாதி அம்மனுக்கு நேந்திருக்கேன். நான் துணிய அவுக்குற வரைக்கும் இந்த வளவுல ஒரு வீட்டுலயும் தாளிக்கக் கூடாது."

எதிர்வீட்டு இராமலட்சுமி இடுப்பில் குடத்தோடு திரும்பினாள். அவள் வாய்க்கு ஊரே பயப்படும். "நீ நேந்தா நீ பட்டினி கெட மதினி. எங்க வீட்டு மனுசன் தாளிக்காத கொழம்பைச் சட்டியோட கெணத்துல போடுவாரு."

"போடட்டும். மீனாவது தின்னும்."

"ஒன் வடைச்சட்டி?"

"அதையும் கவுத்தியாச்சு."

இராமலட்சுமி குடத்தைக் கீழே இறக்கி வைத்தாள். சீசனில் குருவம்மாள் வடைச்சட்டியைக் கவிழ்த்துகிறாள் என்றால் அது விளையாட்டுக் காரியம் இல்லை. வாசல் பக்கத்து வீட்டு நூர்நிஷாதான் முதலில் பேசினாள். "எங்க வீட்டுலயும் தாளிக்கல அக்கா. ஒங்க நேர்ச்சை கெடக் கூடாது."

அன்றிலிருந்து அந்த வளவில் கடுகு வெடிக்கவில்லை. ஆம்பிளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

நடுவில் ஒரு நாள் பால்வண்ணநாதன் குடையோடு வந்து முற்றத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"என்ன, சமைக்கிற நேரத்துல ஒரு வாசனையும் இல்ல? எவ வீட்டுல அம்மை?"

கதவுக்குப் பின்னால் செண்பகவல்லி மூச்சை அடக்கிக்கொண்டாள். குருவம்மாள் வாயைத் திறக்குமுன் இராமலட்சுமி முந்திக்கொண்டாள்.

"மதினி அம்மனுக்கு நேந்திருக்கா அண்ணாச்சி. எங்க நாக்கெல்லாம் செத்துக் கெடக்கு. வேணும்னா நீங்களும் ஒரு வாய் சாப்பிட்டுப் பாருங்க."

குருவம்மாளின் கையில் மஞ்சள் துணியைப் பார்த்ததும் அவர் செருப்பைக் கழற்றி, கோயில் இருக்கும் திசையில் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அவர் தலை மறைந்ததும் இராமலட்சுமி செண்பகவல்லியின் கதவருகே வந்து குரலைத் தாழ்த்தினாள். "கொழுந்து வேப்பிலையாப் பறிச்சாந்திருக்கேன். படியில வைக்கேன், பெறவு எடுத்துக்க."

அம்மன் மனசு வைத்தாள். முத்து இறங்கியது. பிள்ளைக்குத் தண்ணீர் ஊற்றியாயிற்று. மறு செவ்வாய் குருவம்மாள் கோயிலில் துணியை அவிழ்த்தாள். அதற்குள் சீசன் பாதி போய்விட்டது. அந்த வருஷம் மீதி நாளை அவள் நாற்று நடப் போய்த்தான் ஓட்டினாள்.

பிறகு யுத்த காலத்தில் மாடக்கண்ணுக்குச் சேலம் பக்கம் மாற்றல் வந்தது. சாமான்களை வண்டியில் ஏற்றின பிறகு செண்பகவல்லி குருவம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பார்த்துக்கொண்டது.

"எனக்காகத்தானே அக்கா நேந்தீங்க? ஒரு நாளாவது வாய்விட்டுச் சொன்னீங்களா?"

குருவம்மாள் வள்ளித்தாய்க்குத் திருநீறு பூசினாள். பிறகு சொன்னாள்:

"போற ஊருலயும் பக்கத்து வீட்டுல ஒருத்தி இருப்பா. அவ எப்பிடிப்பட்டவளோன்னு பயந்து கதவைச் சாத்திக்கிடாதட்டி. மொதல்ல அவளைக் கூப்பிடு."