காதறுத்தான்

எனக்கு இரண்டு காதும் அறுந்தவை. கம்மல் ஓட்டை கீழே வரை கிழிந்து, மடல் இரண்டு துண்டாகத் தொங்கும். வெளியே போனால் முந்தானையால் மூடிக்கொள்வேன்.

அறுத்தது என் வீட்டுக்காரர். மைன்ஸில் காலை ஷிப்ட் முடிந்து வந்தவருக்குச் சோறு வேகவில்லை. ஆட்டைப் பிடிக்கிற மாதிரி இரண்டு கம்மலையும் இரண்டு கையால் பிடித்துக் கீழே இழுத்தார். பிறகு நான்தான் சோற்றை வடித்துப் போட்டேன். சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மறுநாள் குவார்ட்டர்ஸ் குழாயடியில் பெண்கள் கேட்டார்கள். எனக்கு யாரையும் முகம் பார்த்துப் பேச வராது. இடுப்பில் ஆறு மாதப் பிள்ளை இருந்தான். இவன்தான் இழுத்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன். நடுவில் ஒரு சுவர்தான், அவர்களுக்கு எல்லாம் கேட்டிருக்கும். ஆனாலும் அவர்களுக்கும் அதுவே வசதியாக இருந்தது. ஒருத்தி அவன் கையைப் பிடித்துப் பார்த்து, "இந்தக் கையா காதறுத்துச்சி" என்று சிரித்தாள்.

அன்றிலிருந்து பிளாக்கில் அவனுக்குக் காதறுத்தான் என்று பெயர். பள்ளிக்கூடத்துக்கும் அந்தப் பெயர் கூடவே போனது. விளையாட்டில் தோற்ற பையன்கள், பெத்தவ காதை அறுத்தவன்தானே நீ என்பார்கள். அழுதுகொண்டு வருவான். வீட்டுக்காரர் கேட்டுவிட்டுச் சிரிப்பார். "எம் புள்ளைக்கு அப்பவே என்னா பலம் பாரு" என்பார். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

அவர் போய்ச் சேர்ந்தார். சுவரில் மாலை போட்ட படமாக இருக்கிறார். மகன் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டுத்தான் ஷிப்டுக்குப் போவான். மைன்ஸில் பர்மனென்ட் ஆனதும் எனக்கு ஒரு ஜோடி கம்மல் வாங்கி வந்தான். இப்போதெல்லாம் மரத்துப்போக ஊசி போட்டுக் காதைத் தைத்துவிடுகிறார்கள், வலிக்காது என்றான். எனக்குப் பயம் என்றேன். கம்மல் பீரோவிலேயே கிடந்தது.

பயம் உண்மைதான். வேறொன்றும் இருந்தது, எழுதக் கூச்சமாக இருக்கிறது. தனிக்குடித்தனம் போக மருமகள் பக்கத்து ஊர் வடக்குத்தில் வீடு பார்த்து வைத்திருந்தாள். அன்றைக்கு மகன் எதிரில் முந்தானையை விலக்கி, கிழிந்த மடலை விரலால் தடவிக்கொண்டு உட்கார்ந்தேன். வாயே திறக்கவில்லை. அவர்கள் போகவில்லை. அதற்குப் பிறகு பழகிவிட்டது. மருமகள் ஒரு சொல் சொன்னாலும் கை தானாகக் காதுக்குப் போகும். மகன் தலையைக் குனிந்துகொள்வான். மருமகள் ஏமாந்தவள் இல்லை. ஒரு தடவை நேராகவே கேட்டாள். "அந்தக் காத வச்சிதான அத்த, அவர கட்டிப்போட்டுகினு இருக்கீங்க?"

போன வருஷம் பேத்திக்குக் கல்யாணம் முடிவானது. மாப்பிள்ளை வீடு மேல்பட்டாம்பாக்கம். நிச்சயத்தன்று சம்பந்தியம்மா என் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் இவர் குழந்தையில் பண்ண வேலை என்று மருமகள் மகனைக் காட்டினாள். கூடமே சிரித்தது. மகனும் சிரித்தான். தலை நரைத்த ஆள். அன்று சாயங்காலம், கல்யாணத்துக்குள் தைத்தே ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டான். என்னால் மறுக்க முடியவில்லை.

மந்தாரக்குப்பத்தில் ஒரு தோல் டாக்டர், சின்ன வயசுப் பெண். அரை மணி நேர வேலைதான் என்றாள். தையல் ஆறியபின் பக்கத்தில் புது ஓட்டை போட்டுக்கொள்ளலாமாம். எப்படி அறுந்தது என்று கேட்டாள். நான் தரையைப் பார்த்தேன். மகன்தான் சொன்னான். "நான்தாங்க மேடம். கைக்குழந்தையில இழுத்துட்டேன்."

அவள் டார்ச் அடித்து இடது காதைப் பார்த்தாள். பிறகு வலது காதை.

"ரெண்டுமா?"

"ஆமாங்க."

"ஒரே நேரத்துலயா?"

மகன் என் இரண்டு காதையும் மாறி மாறிப் பார்த்தான். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். பிறகு, திங்கட்கிழமை வாங்க என்று சீட்டு எழுதிக் கொடுத்தாள்.

திரும்பும்போது மைன்ஸ் மண்மேடு தெரிகிற இடத்தில் வண்டியை ஓரம் கட்டினான். இறங்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை.

"யம்மா, நெசமா சொல்லு. நான்தானா?"

இல்லை என்று ஒரு சொல் போதும். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால், அப்புறம் ஏன் இத்தனை வருஷம் என் தலையில் கட்டினாய் என்று கேட்பான். அவன் முதுகைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"நீதான்டா. ரெண்டு காதையும் நீதான்."

சரிம்மா என்று வண்டியை எடுத்தான்.

திங்கட்கிழமை வந்ததும், எனக்குத் தையல் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவன் கேட்கவில்லை. பீரோவைத் திறந்து அந்தக் கம்மலை எடுத்துப் பேத்தியிடம் கொடுத்தான். கல்யாணத்தில் அவள்தான் போட்டுக்கொண்டாள். என்னை மண்டபத்தில் கடைசி வரிசையில் ஃபேன் அடியில் உட்கார வைத்தார்கள். படம் எடுக்க யாரும் கூப்பிடவில்லை. அப்பா படத்தைக் கும்பிடுவதையும் அவன் விட்டுவிட்டான். அந்த மாலையில் ஒட்டடை பிடித்திருக்கிறது.

போன வாரம் எனக்கு முட்டி வலி தாங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். ஷிப்ட் இருக்கிறது என்றான். முந்தானையை விலக்கிவிட்டுக் காதைத் தடவினேன்.

"காத்தடிக்குது, மூடிக்கம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.